ஆறு எம்எம் போல்ட்

குறிச்சி சிட்கோ, மூன்றாவது சந்து.
டைனோ உருளைகளின் மேல்
பின்சக்கரங்களை ஏற்றிப் பட்டையால் கட்டினால்
கார் நின்ற இடத்திலேயே நூற்றிருபதில் ஓடும்.
பக்கத்து ஃபவுண்டரியில் வார்ப்பு உடைக்கிறார்கள்.
அதையும் மீறிக் கேட்க வேண்டும் என்றுதான்
முக்கால்வாசிப் பேர் இங்கே வருகிறார்கள்.

நாச்சிமுத்து வந்தது வேறு காரியத்துக்கு.
பல்லடத்துக்கு அந்தப் பக்கம்
மூன்று ஷெட், பன்னிரண்டாயிரம் பிராய்லர்.
செகண்ட் ஹேண்டில் ஆறு சிலிண்டர், வாங்கிப் பதினோரு மாதம்.
"சத்தங் கொறைக்கோணுமுங்" என்றார்.
"ராத்திரிக்கு மட்டும் போதுமுங்."

லிஃப்டில் ஏற்றினேன்.
சைலன்சருக்குள் இரண்டு வழி.
ஒன்று வளைந்து, சுவரில் முட்டி,
பஞ்சுக்குள் புகுந்து குரல் தேய்ந்து வெளியேறும்.
மற்றது நேர்வழி.
அதன் வாயில் உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத் தகடு,
நடுவில் ஓர் அச்சு.
இந்த வண்டியில் சுருள்வில் அதைத் திறந்தே வைத்திருக்கும்.
எஞ்சினின் உறிஞ்சல்
ரப்பர் குழாய் வழியே வந்து இழுத்தால்தான் மூடும்.
கத்துவதற்கு அதற்கு ஒருவர் தயவும் வேண்டாம்.
வாயை மூடத்தான்
யாராவது இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குழாய் வெடித்திருக்கும் என்று தடவிப் பார்த்தேன்.
வெடிப்பு இல்லை.
உள்ளே கெட்டியாய் ஏதோ.
பிளையரால் இழுக்க வந்தது
ஆறு எம்எம் போல்ட்,
மரை முழுக்க டெஃப்லான் டேப், மூன்று சுற்று, நேர்த்தியாக.
மெக்கானிக் யாரும் இவ்வளவு பொறுமையாய்ச் சுற்ற மாட்டான்.
கோழிக்குத் தண்ணீர்க் குழாயில்
நிப்பிள் மாட்டிப் பழகிய கை.

நான் அவரைப் பார்க்கவில்லை.
அவர் போல்ட்டைப் பார்த்தார்.
"சிநேகிதன் ஒருத்தன் சொன்னானுங்,
எப்பவுந் தெறந்தே கெடந்தா பவரு ஏறுமின்னு."

ஏறுமா என்று உருளையையே கேட்டோம்.
திறந்து ஓர் ஓட்டம். மூடி ஓர் ஓட்டம்.
திரையில் இரண்டு கோடுகள்.
மூவாயிரம் சுற்றுவரை மூடியதுதான் மேலே:
ஒடுங்கிய வழியில் புகை வேகம் விடாமல் ஓடி
அடுத்த மூச்சுக்குச் சிலிண்டரைத் துடைத்துக் கொடுக்கிறது.
அகலத் திறந்துவிட்டால் அங்கே சோம்பிவிடுகிறது.
அதற்கு மேலே கோடுகள் ஒட்டி உரசிப் போய்
ஐயாயிரத்தில் இடம் மாறின.
திறந்தது ஏழு குதிரை கூடுதல்.

"அஞ்சாயிரத்துல எப்ப ஓட்டறீங்க?"

விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே யோசித்தார்.
"அவினாசி பைபாஸ்ல. ஒருக்கா."

டீ வந்தது. ஆறியது.
பிறகுதான் அந்த ராத்திரியைச் சொன்னார்.
ரிசப்ஷன் முடிந்து பன்னிரண்டரைக்கு
வண்டித்தடத்தில் இறங்கி
இரண்டாவது ஷெட் ஓரம் திரும்பியிருக்கிறார்.
சேற்றில் சக்கரம் சுழல, மிதித்திருக்கிறார்.
இருட்டில் பயந்த கோழி ஒரே மூலைக்கு ஓடும்.
ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறும்.
அடியில் இருப்பதற்கு மூச்சு கிடைக்காது.
காலையில் இருநூற்றுப் பதினாறு.
குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டிருக்கிறார்.
வீட்டில் சொன்னது, கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டது என்று.
"கம்பெனி சூப்பர்வைசரும்
நோட்டுல அதையேதான் எழுதிட்டுப் போனாருங்."

குழாயை மாட்டி ஸ்டார்ட் செய்தேன்.
டக்.
குரல் இறங்கியது.
ஃபவுண்டரிச் சம்மட்டியின் ஒவ்வோர் அடியும்
தனித்தனியாய்க் கேட்டது.

"பட்டன் வெச்சுத் தரட்டுங்களா?
வேணுங்கறப்ப நீங்களே தெறந்து மூடிக்கலாம்."

"வேண்டாமுங். வண்டியே பாத்துக்கட்டும்.
பட்டன் இருந்தா நான் அமுக்கிப்போடுவனுங்."

டைனோ இரண்டு ஓட்டத்துக்குப் பில் போட்டேன்.
போல்ட் மேசைமேல் கிடந்தது.
போகும்போது எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்,
டேப்பைப் பிரிக்காமல்.

சந்து தாண்டும்வரை சத்தமே இல்லை.
சுந்தராபுரம் பக்கமிருந்து, கொஞ்ச நேரம் கழித்து,
ஒருக்கா
ஐயாயிரம்.